வரிசையில் வைத்த எலிகள்

யாராவது ஏதாவது கேட்டுவிட்டால் ஊசியம்மா ஊசியில் சணல் கோக்கத் தொடங்கிவிடுவாள். ஏற்கெனவே கோத்திருந்தாலும் உருவி எடுத்து, நுனியை நாக்கில் நனைத்து, விரலில் முறுக்கி, மறுபடி கோப்பாள். கோணி ஊசியின் காது கண்ணை மூடிக்கொண்டு கோக்கிற அளவுக்குப் பெரியது. அதற்கு அவ்வளவு நேரம் தேவையே இல்லை. ஆனால் அவள் கோத்து முடிப்பதற்குள் கேள்விக்கு வேறு யாராவது பதில் சொல்லியிருப்பார்கள், அல்லது கேட்டவரே சலித்துப்போய் நகர்ந்திருப்பார். அந்தத் தானியக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாக இதைப் பார்க்காதவர்கள் இல்லை.

அவள் வேலை கிழிந்த மூட்டைகளைத் தைப்பது. லோடுமேன்களின் கொக்கி பட்டுக் கிழியும், குத்தூசி விட்டுத் தானிய மாதிரி எடுத்த இடத்தில் ஓட்டை விழும், மேல்மேலாக அடுக்கிய அட்டியில் அடி மூட்டை பாரம் தாங்காமல் வாய் பிளக்கும். எடை மேடைக்கும் இரண்டாவது ஷட்டருக்கும் நடுவில் நாலாக மடித்த சாக்கின் மேல் உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை தைப்பாள். அங்கிருந்து கிடங்கு முழுக்கத் தெரியும். எந்த லோடுமேனுக்கு இடுப்பு வலி, யார் யாரோடு பேசுவதில்லை, மேலாளருக்கு என்றைக்கு வீட்டில் சண்டை, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒன்றையும் வெளியே சொன்னதில்லை.

வெளியே பேச வேண்டியதையெல்லாம் அவளுக்காக அக்கா பேசினாள். ஆறாம் வகுப்போடு இவளுடைய படிப்பு நின்றபோது பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொன்னதும் அக்காதான், இந்த வேலையைக் கேட்டு வாங்கிக் கொடுத்ததும் அக்காதான். அக்கா பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். ஒரு கல்யாணம் ஆகி நாலு வருஷத்தில் அது முடிந்துபோனது. தங்கைக்கு அந்தப் பேச்சே எழவில்லை. மாடியில் இரண்டு அறை, ஒரு ஜன்னல், இரண்டு கட்டில். அதில் இருவரும் சத்தமில்லாமல் இருந்தார்கள், பட்டாணி வரும்வரை.

பண்ணைகளிலிருந்து மக்காச்சோளம் ஏற்றி வரும் லாரி டிரைவர் ஒருநாள் வண்டியின் முன் சீட்டிலிருந்து ஒரு நாய்க்குட்டியை இறக்கினார். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு, குட்டைக் கால்கள். தானிய அறைகளில் எலி பிடிக்கவென்றே பண்ணைக்காரர்கள் வளர்க்கிற குள்ளச் சாதி. வளர்ந்தாலும் பூனையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். டிரைவர் வீட்டில் வைத்துப் பார்த்தாராம். அது கடித்துக் கிழித்த சோபாவைப் பார்த்துப் பார்த்து மனைவி அழுகிறாளாம்.

உள்ளே வருகிற எதையும் எடை போடாமல் விடக்கூடாது என்று சொல்லி ஒட்டகம் அதைத் தூக்கி எடை மேடையில் வைத்தார். ஒட்டகம் என்பது லோடுமேன்களில் மூத்தவர். முப்பது வருஷம் மூட்டை சுமந்ததில் பிடரிக்குக் கீழே திமில் மாதிரி ஒரு மேடு. "ரெண்டு கிலோ கூட இல்ல. பட்டாணி மூட்டையில ஒட்டுற தூசி இதைவிட கனமா இருக்கும்" என்றார். பெயர் அதுவே நின்றுவிட்டது. குட்டி மேடையிலிருந்து குதித்து, எல்லார் கால்களையும் சுற்றி ஓடி, கடைசியில் ஊசியம்மாவின் மடியில் ஏறி சணல் உருண்டையைக் கவ்விக்கொண்டு தூங்கியது. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் அவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

அது நாய் இல்லை, சாவி கொடுத்த பொம்மை என்பாள் அக்கா. காலையில் கண் விழித்தது முதல் அதற்கு வேலை வேண்டும். வேலை இல்லாவிட்டால் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். செருப்பைக் கட்டிலுக்கு அடியில் புதைக்கும். படுக்கையைத் தோண்டும். அக்கா சமையலறையிலும் தங்கை முன்னறையிலும் இருந்தால் அதற்குப் பொறுக்காது. இரண்டு பேருக்கும் நடுவில் ஓடி ஓடி, அக்காவின் குதிகாலைப் பல் படாமல் கவ்வி, இருவரும் ஒரே அறையில் உட்காரும்வரை விடாது.

"முப்பது வருஷம் ஜனங்கள நான் லைன்ல நிக்க வச்சேன். இப்ப இது என்னை நிக்க வைக்குது" என்று அக்கா திட்டுவாள். திட்டிக்கொண்டே வந்து உட்காருவாள்.

ஒரே ஒருநாள்தான் அதைத் தனியாக விட்டுப் போனார்கள். அக்காவுக்குக் கண் பரிசோதனை, தங்கை துணைக்குப் போனாள். ஐந்து மணி நேரம் கழித்துத் திரும்பியபோது கதவின் கீழ்ப்பலகை பாதி இல்லை. படுக்கைப் பஞ்சு மாடிப்படி வரை வந்திருந்தது. மூக்கில் ரத்தத்தோடு பட்டாணி குரைத்துக்கொண்டிருந்தது. தொண்டை கட்டிக் குரலே எழவில்லை, ஆனாலும் நிறுத்தவில்லை. கீழே குடியிருந்த வீட்டுக்காரர் படியேறி வந்தார். ஒரு பாட்டம் திட்டி முடித்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி நடந்தா, நாய் போகணும். இல்லன்னா நீங்க போகணும்." அக்கா கூட அன்றைக்கு எதிர்த்துப் பேசவில்லை.

அக்காவோடு மட்டும் விட்டுப் போனாலும் அது தங்கையைத் தேடிக் கதவைப் பிறாண்டியது. ஆகவே பட்டாணி தினமும் கிடங்குக்கு வந்தது. அங்கே அதற்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது. அட்டிகளுக்கு இடையில் ஒரு சாண் அகல இடுக்குகள். பூனை போகத் தயங்கும் இருட்டில் அது மூக்கை முன்னால் விட்டு நுழையும். ஒரு கீச்சுச் சத்தம், ஒரு உதறல், அவ்வளவுதான். தின்னாது. கொண்டுவந்து ஊசியம்மாவின் காலடியில் போட்டுவிட்டு உடனே திரும்பி ஓடும். முதல் வாரமே ஒருநாளில் பதினோரு எலி. மேலாளரின் முகம் மலர்ந்துவிட்டது. கிடங்குக்குள் எந்தப் பிராணியும் இருக்கக்கூடாது என்பது தலைமை அலுவலகத்தின் விதி. இது பிராணி இல்லை, வேலையாள் என்று அவர் சொன்னார். "புடிச்சத எடை மேடைகிட்ட லைனா வைங்கம்மா. நாலு மணிக்கு பூட்டு பாக்க வரும்போது நான் பாத்துக்கிறேன்."

அது கிடங்கின் வழக்கமாகிவிட்டது. ஒரு துண்டுச் சாக்கை விரித்து, வால்கள் ஒரே பக்கம் இருக்கும்படி ஊசியம்மா எலிகளை வரிசையாக வைப்பாள். நாலு மணிக்கு மேலாளர் வந்து குனிந்து பார்த்துத் தலையாட்டுவார். பட்டாணி பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையாட்டுகிற வரை அசையாது. லோடுமேன்கள் அதைச் சம்பள நாள் வரிசை என்று கேலி செய்வார்கள்.

ஒரு வருஷம் போனது. பதினொன்று ஐந்தானது, ஐந்து ஒன்றானது. பிறகு ஒருநாள் துண்டுச் சாக்கு வெறுமையாகக் கிடந்தது. மறுநாளும், அதற்கு மறுநாளும். பட்டாணி எல்லா இடுக்குகளிலும் புகுந்து, மூக்கில் தூசியோடு வெறும் வாயாக வந்து நின்றது. கிடங்கில் எலி தீர்ந்துவிட்டது.

மேலாளர் வெறும் சாக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னம்மா, உங்காளு ரிட்டையர் ஆயிட்டாளா?"

லோடுமேன்கள் சிரித்தார்கள். ஊசியம்மா ஊசியில் சணல் கோத்தாள். கோத்து முடித்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேலையாள் என்றுதானே உள்ளே விட்டார்? வேலை இல்லாத ஆளை யார் வைத்துக்கொள்வார்கள்? கிடங்கு இல்லையென்றால் வீடு, வீடு என்றால் பூட்டிய கதவு, அப்புறம் வீட்டுக்காரர். மூன்றே படிதான். அக்காவிடம் சொல்லியிருந்தால், உடனே மேலாளரிடமே போய்க் கேட்டிருப்பாள். அதனாலேயே சொல்லவில்லை.

வீட்டுக்கும் கிடங்குக்கும் நடுவில் சந்தை. அதன் பின்புறத்தில் எலிக்கூண்டு வைக்கிறவர் காலையில் செத்த எலிகளைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் குவித்துவிட்டுப் போவார். அவள் பல வருஷமாக மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிற இடம் அது. மறுநாள் காலை அங்கே நின்றாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். ஒன்றை எடுத்து, சாக்குத் துணியில் சுருட்டி, மேலே இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு, சணல் உருண்டைகளுக்கு அடியில் வைத்தாள். அன்று முழுவதும் கொண்டுபோன சாப்பாட்டை அவளால் தொட முடியவில்லை.

மூன்றரை மணிக்கு அதை வரிசை இடத்தில் வைத்தாள். பட்டாணி வந்து மோந்து பார்த்தது. எலியைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் அட்டிக்குப் பின்னால் படுத்துவிட்டது. நாலு மணிக்கு மேலாளர் குனிந்து பார்த்தார். "பரவாயில்லையே. லீவு முடிஞ்சு வந்துட்டா."

இரண்டு நாள் கழித்து இன்னொன்று. அடுத்த வாரம் இரண்டு. நடுவில் ஒரு தடவை, போதும் என்று நினைத்து மூன்று நாள் எதுவும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் மேலாளர் வெறும் சாக்குக்கு முன்னால் நின்று பெருமூச்சு விட்டார். ஊசியம்மா அதைப் பார்த்தாள். பார்ப்பதில் அவளைப் போல் கெட்டிக்காரி அங்கே யாரும் இல்லை. ஏமாற்றத்தில் விட்ட மூச்சு என்று நினைத்தாள். மறுநாள் மூன்று எலி வைத்தாள்.

ஒட்டகம் ஒருநாள் வரிசைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஒரு எலியின் வாலைப் பிடித்துத் தூக்கினார். கொழுத்த, கறுத்த எலி. மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார்.

"தங்கச்சி, நம்ம எலிங்க சோளம் தின்னும். இது மீன் தின்னிருக்கே."

அவள் தலை நிமிரவில்லை. அவர் எலியை இருந்த இடத்திலேயே வைத்தார். வாலை நேராக்கியும் விட்டார். "நான் ஒன்னும் பாக்கல. ஆனா ரொம்ப ஓட்டாத" என்று சொல்லிவிட்டு மூட்டை தூக்கப் போனார்.

ஆறாவது வாரம் மேலாளர் கையில் ஒரு கடிதத்தோடு அவளிடமே வந்தார். அவர் அப்படி வந்ததே இல்லை. குரலில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. எலி மறுபடி பெருகிவிட்டதாகத் தலைமை அலுவலகத்துக்கு அவர் எழுதியிருந்தார். விதிக்குப் பயந்து நாயைப் பற்றிச் சொல்லாமல், இருக்கிற ஏற்பாட்டால் சமாளிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். அவர்கள் மருந்துக் கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த திங்கள்கிழமை கிடங்கு முழுக்க எலிமருந்து வைப்பார்கள். "இனிமே நாய உள்ள கொண்டுவராதீங்க. பாவம், சின்ன உசுரு, அதுவும் எவ்வளவுதான் செய்யும்?"

அவள் கீழே பார்த்தாள். பட்டாணி அவளுடைய கால் மேல் தலை வைத்துப் படுத்திருந்தது.

அன்று வீட்டில் எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டினாள். அக்கா முதலில் சிரித்தாள். சந்தை எலி, மீன் வாடை என்று கேட்டுக் கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தங்கை சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினாள். நாளைக்கு நீ வந்து அவரிடம் சொல்லேன் என்று தங்கை கேட்டாள். வாழ்நாள் முழுக்கக் கேட்டு வந்ததுதான்.

"பொய்ய வச்சது நீ. எடுக்கறதுக்கு நான் வரணுமா?" என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் வந்து சொன்னா, நான் சொல்லிக் குடுத்ததா நினைப்பாங்கடி. நீ சொன்னாதான் நம்புவாங்க. நீதான் பேசவே மாட்டியே" என்றாள்.

மறுநாள் அவள் மேலாளரின் அறை வாசலில் நின்றாள். உள்ளே அவரும், சாம்பல் நிறச் சட்டை போட்ட மருந்துக்காரரும் கிடங்கின் வரைபடத்தை விரித்து வைத்து, எங்கெங்கே பெட்டி வைப்பது என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் நிமிர்ந்து என்ன என்று கேட்டார். அவள் கையில் ஊசி இல்லை.

"சார், அந்த எலியெல்லாம் இங்கத்து எலி இல்ல."

அவருக்குப் புரியவில்லை. எந்த எலி என்றார்.

"நான் வச்ச எலி. சந்தைலருந்து எடுத்துட்டு வந்தேன். இங்க எலி இல்ல சார். அது எல்லாத்தயும் புடிச்சிருச்சு."

மருந்துக்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். மேலாளர் அவரை வெளியே போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். அவர் போனதும் மேலாளர் வரைபடத்தைச் சுருட்டி வைத்தார். முகம் சிவந்து, வெளுத்து, கடைசியில் களைத்துப் போனது.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"ரிட்டையர் ஆயிட்டாளான்னு கேட்டீங்களே சார்."

"அது தமாஷும்மா." அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எலி இல்லன்னு எனக்கு சந்தோஷம்மா. அந்த மூணு நாள், அப்பாடான்னு இருந்துச்சு."

அவள் அந்தப் பெருமூச்சை நினைத்துக்கொண்டாள். கடிதம் எழுதி மருந்தை நிறுத்த முடியாதா என்று கேட்டாள். கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. முடியாது என்றார் அவர். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஆறு வாரம் சந்தை எலியைக் குனிந்து பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன் என்று அவர் எழுத வேண்டியிருக்கும். ஓய்வு பெற அவருக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அவளை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. வெளிக் கேட்டருகே காவலாளி அறையில் நாயைக் கட்டி வைத்துக்கொள்ளலாம், உள்ளே மட்டும் வரக்கூடாது என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

திங்கள்கிழமை மருந்து வந்தது. சுவரோரமாகக் கறுப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ரோஸ் நிறக் கட்டிகள், மிட்டாய் மாதிரி. பட்டாணி காவலாளி அறையில் கயிற்றின் முனையில் நின்று நாள் முழுக்க இழுத்தது. காவலாளி நல்லவர்தான், ரேடியோவைச் சத்தமாக வைத்துச் சமாளித்தார். இரண்டு நாள் அப்படிப் போனது.

மூன்றாம் நாள் மதியம் ஊசியம்மா தைத்துக்கொண்டிருந்தபோது அட்டிக்குப் பின்னால் பிளாஸ்டிக் நொறுங்கும் சத்தம் கேட்டது. ஓடினாள். கழுத்தில் கடித்து அறுத்த கயிறு தொங்க, பட்டாணி ஒரு பெட்டியைப் பிளந்து போட்டிருந்தது. பக்கத்தில் கட்டி பாதியாகக் கிடந்தது. அவள் அதன் வாயைப் பிளந்து பார்த்தாள். நாக்கில் ரோஸ் நிறம்.

கால்நடை ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளி. நாயை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். லாரி ஒன்று பிரேக் போட்டு நின்று டிரைவர் கத்தினார், அவள் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். "தள்ளுங்க, விஷம் தின்னுடுச்சு" என்றாள். இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். கொஞ்சம் ரோஸ் நிறம் வந்தது. எவ்வளவு உள்ளே போனது என்று இப்போது தெரியாது என்றார். இது உடனே கொல்கிற விஷம் இல்லை, ரத்தம் உறைய விடாமல் மெல்லக் கொல்கிற விஷம். மாத்திரை கொடுத்து, ஈறு வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்.

அவள் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தாள். மணிக்கு ஒருமுறை உதட்டைத் தூக்கி ஈற்றைப் பார்த்தாள். அக்கா டார்ச் பிடித்தாள். முதல் நாள் ஈறு சிவப்பாக இருந்தது. இரண்டாம் நாள் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. டார்ச்சில் பேட்டரி குறைந்ததுதான் காரணம் என்று கண்டுபிடிப்பதற்குள் இருவருக்கும் பாதி உயிர் போய்விட்டது. பட்டாணி அசையாமல் படுத்திருந்தது. அது அப்படிப் படுத்து அவர்கள் பார்த்ததே இல்லை. நாலாம் நாள் காலை எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, அக்காவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஊசியம்மா அழவில்லை. மூன்று நாளும் அவள் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். கயிறு கட்டினால் அறுக்கும். கதவு பூட்டினால் கடிக்கும். கிடங்கில் மருந்து. தன்னோடு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டுத்தான் இதை இந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டோம் என்று தெரிந்தது. ஒட்டகத்தின் தங்கை இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தாள். தீவனக் கொட்டகையில் எலித் தொல்லை என்று அவர் எப்போதோ சொல்லியிருந்தார். இவள் போய் அவரிடம் கேட்டாள். நிஜமாவா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்று இரண்டு தடவையும் சொன்னாள். அக்கா ஒருநாள் பொறு, இன்னொரு நாள் பொறு என்றாள். தங்கை பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய் விட்டாள். கோழிப்பண்ணைக்காரி நல்ல உயரம், சத்தமான குரல். எலிமருந்து வைக்கிறதுண்டா என்று ஊசியம்மா முதலில் அதைத்தான் கேட்டாள். கோழி இருக்கிற இடத்தில் எவளாவது விஷம் வைப்பாளா என்று அவள் சிரித்தாள். பட்டாணி கொட்டகைக் கதவுக்கு அடியில் மூக்கை விட்டு இரண்டு மூச்சு இழுத்தது. வால் விறைத்தது. கதவைத் திறந்ததும் உள்ளே பாய்ந்து மறைந்தது. அவள் பஸ் ஏறும்வரை வெளியே வரவில்லை.

அது போய் ஏழு மாதம் ஆகிறது. கிடங்கில் மருந்துக்காரர் மாதம் ஒருமுறை வந்து பெட்டிகளைத் திறந்து பார்க்கிறார். ஒரு கட்டியும் கடிபடுவதில்லை. மருந்து பிரமாதமாக வேலை செய்கிறது என்கிறார், மேலாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். ஊசியம்மா ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பண்ணைக்குப் போகிறாள். சில சமயம் அக்காவும் வருகிறாள். பட்டாணி ஓடி வந்து இருவரையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, கொட்டகைக்குத் திரும்பிப் போய்விடுகிறது. அது நன்றாக இருக்கிறது.